பால்ஸ் வகுப்புக்குப் போகுமுன்: மூன்று வாரத் தயாரிப்பு

உயிருக்குப் போராடும் குழந்தையைக் காப்பாற்றக் கற்றுத்தரும் பால்ஸ் வகுப்பில் மருந்தளவு தெரியாமல் திணறுகிறவர்கள் குறைவு. பொம்மைக் குழந்தையின் முன் நின்றதும், எதை முதலில் பார்ப்பது, எதை வாய்விட்டுச் சொல்வது என்று தெரியாமல் விழிப்பவர்களே அதிகம். அட்டவணைகளை இரவெல்லாம் உருப்போட்டுவிட்டு வந்து, குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்க மறந்துவிடுவார்கள். ஆகவே இந்த வழிகாட்டி மருந்துப் பட்டியலோடு தொடங்கவில்லை. கை, கண், வாய் ஆகிய மூன்றையும் பழக்கிய பிறகுதான் எண்களுக்கு வருகிறோம்.

வகுப்பு உங்களிடம் எதிர்பார்ப்பது

பீடியாட்ரிக் அட்வான்ஸ்டு லைஃப் சப்போர்ட் என்பதன் சுருக்கம்தான் பால்ஸ். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் வடிவமைத்த பாடம் இது. குழந்தைகள் வார்டு, ஐ.சி.யு., அவசர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றில் வேலை பார்க்கும் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் உரியது. வளைகுடா நாடுகளில் நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிப்பவர்களிடமும் இந்தக் கார்டைக் கேட்பதுண்டு. கார்டு 2 ஆண்டுகளுக்குச் செல்லும்.

தேற நீங்கள் கடக்க வேண்டியவை: வகுப்புக்கு முன்பே ஆன்லைனில் எழுதும் சுயமதிப்பீட்டில் குறைந்தது 70 சதவீதம், கைக்குழந்தைக்கும் சற்றுப் பெரிய குழந்தைக்கும் செய்யும் சி.பி.ஆர். (மார்பை அழுத்தி மூச்சுக் கொடுத்தல்), ஏ.இ.டி. (தானியங்கி மின்அதிர்ச்சிக் கருவி) சோதனைகள்; நீங்களே டீம் லீடராக நின்று நடத்தும் இரண்டு கேஸ்கள் (பொம்மையை வைத்துச் செய்யும் ஒத்திகைகள்); கடைசியாக 50 கேள்விகள் கொண்ட எழுத்துத் தேர்வில் 84 சதவீதம், அதாவது 42 சரியான விடைகள். அந்த இரண்டு கேஸ்களில் ஒன்று இதயத்துடிப்பு சார்ந்தது, மற்றொன்று மூச்சுத்திணறல் அல்லது ஷாக் (உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை) சார்ந்தது. எழுத்துத் தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். ஆனால் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாதவருக்குத் திறந்த புத்தகத்தால் பயனில்லை.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே களைந்துவிடலாம். பால்ஸ் கார்டு கிடைத்தால் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) கார்டும் சேர்ந்து வந்துவிடாது. அது தனி வகுப்பு. பி.எல்.எஸ். கை பழகாமல் பால்ஸுக்கு வருவது, சைக்கிள் ஓட்டத் தெரியாமல் பைக் லைசென்ஸுக்குப் போவது போல.

முதல் வேலை: சரியான புத்தகம்

சீனியரிடம் பழைய புத்தகத்தைக் கடன் வாங்கிப் படிப்பது நம் ஊர் வழக்கம். இந்த வகுப்புக்கு அது காலை வாரிவிடும். நாடித்துடிப்பு இருந்து மூச்சு மட்டும் போதாத குழந்தைக்கு 3 முதல் 5 வினாடிக்கு ஒரு மூச்சு கொடுக்கச் சொன்னது 2015 நெறிமுறை. 2020-இல் அது 2 முதல் 3 வினாடிக்கு ஒன்று, அதாவது நிமிடத்துக்கு 20 முதல் 30 என்று மாறியது. மூச்சுக்குழாயில் டியூப் போட்ட குழந்தைக்கும் அதே வேகம்தான். 2025 அக்டோபரில் அடுத்த நெறிமுறை வந்தது. அதில் கைக்குழந்தையின் மார்பை இரண்டு விரல்களால் அழுத்தும் முறை கைவிடப்பட்டு, இரு கட்டைவிரல் முறையோ ஒரு கையின் அடிப்பாகமோ என்றாகிவிட்டது. வகுப்பில் எந்த ஆண்டுப் பதிப்பு என்பதைப் பணம் கட்டும்போதே கேட்டு, அதையே வாங்குங்கள். எண்களில் ஐயம் வந்தால் உங்கள் வகுப்புப் புத்தகம் சொல்வதே முடிவு.

புத்தகம் கைக்கு வந்ததும் படிக்க உட்கார வேண்டாம். முதலில் சுயமதிப்பீட்டை ஒருமுறை எழுதிப் பாருங்கள். அதில் மூன்று பிரிவுகள்: ஈ.சி.ஜி. ரிதம் (இதயத்துடிப்பின் வகை), மருந்தியல், நடைமுறைக் கேள்விகள். எதில் மதிப்பெண் சரிகிறதோ அங்கிருந்து படிப்பைத் தொடங்குங்கள். தேறிய பின் சான்றிதழை அச்செடுத்து அப்போதே பைக்குள் வைத்துவிடுங்கள். வகுப்பன்று காலையில் பிரின்டர் தேடி அலைகிற கூட்டம் ஒவ்வொரு பேட்சிலும் உண்டு.

முதல் வாரம்: கை

ஒரு வயதுக்குள் இருந்தால் கைக்குழந்தை. ஒரு வயது முதல் பருவமடையும் வரை குழந்தை. பிரசவ அறையில் அப்போதுதான் பிறந்த சிசுவுக்கு விதிகள் வேறு, அது இந்த வகுப்பில் வராது.

நாடி பார்க்க 10 வினாடிக்கு மேல் எடுக்கக் கூடாது. கைக்குழந்தைக்கு மேல்கையின் உட்புறத்திலும், பெரிய குழந்தைக்குக் கழுத்திலோ தொடையிடுக்கிலோ பாருங்கள். நாடி இல்லையென்றாலோ, ஆக்சிஜனும் மூச்சும் கொடுத்த பிறகும் துடிப்பு 60-க்குக் கீழே இருந்து ரத்த ஓட்டம் மோசமாக இருந்தாலோ, மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கான பாடம் மட்டும் படித்தவர்கள் இந்த இரண்டாவது விதியில்தான் சறுக்குவார்கள். மானிட்டரில் 50 ஓடுகிறதே, இதயம் துடிக்கிறதே என்று கைகட்டி நிற்பார்கள்.

அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஆழம் மார்பின் முன்பின் அளவில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். கைக்குழந்தைக்கு அது சுமார் 4 செ.மீ., குழந்தைக்கு சுமார் 5 செ.மீ. தனியாக இருந்தால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, இருவர் இருந்தால் 15-க்கு 2. பருவமடைந்தவருக்கு எத்தனை பேர் இருந்தாலும் 30-க்கு 2 தான். முப்பது அழுத்தம் 15 முதல் 18 வினாடிக்குள் முடிய வேண்டும். இதை வீட்டிலேயே செல்போன் ஸ்டாப்வாட்ச் வைத்து, கெட்டியான தலையணையில் பழகலாம். பதற்றத்தில் எல்லோருக்கும் வேகம் கூடிவிடும். 12 வினாடியில் முடித்துவிட்டால், மார்பு முழுதாக மேலெழும்பியிருக்காது. எழும்பாத மார்புக்குள் ரத்தம் திரும்பி வராது, அடுத்த அழுத்தம் வெற்று அழுத்தமாகப் போகும்.

பேக்-மாஸ்கால் (முகத்தில் வைக்கும் மாஸ்கும் கையால் அமுக்கும் பையும்) மூச்சுக் கொடுப்பது இதைவிடக் கடினம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்கின் மேல் வளைந்திருக்க, மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். அந்த விரல்கள் தாடைக்குக் கீழுள்ள மெல்லிய சதையில் அழுந்தினால், நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சுப்பாதையை நாமே அடைத்தது போலாகும். கைக்குழந்தையின் பின்மண்டை பெரிது. படுக்க வைத்ததும் தலை முன்னால் மடங்கிவிடும், அதனால் தோளுக்கு அடியில் மடித்த சிறு துண்டு வையுங்கள். மார்பு லேசாக எழும்பும் அளவுக்குப் பேகை அமுக்கினால் போதும். பலமாக, வேகமாக அமுக்கினால் வயிறு உப்பி வாந்தி வரும். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும். ஒவ்வொரு மூச்சுக்கும் “அமுக்கு, விடு, விடு” என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டால் வேகம் தானே அடங்கும்.

இரண்டாம் வாரம்: கண்ணும் வாயும்

பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பெரியவர்களுக்குப் பல நேரம் இதயம்தான் முதலில் நிற்கிறது. குழந்தைக்கு அப்படியல்ல. பெரும்பாலும் மூச்சுத்திணறலோ ஷாக்கோ முற்றி, கடைசியில்தான் இதயம் நிற்கும். அப்படி நிற்பதற்கு முன்பே பிடித்துவிடக் கற்றுக்கொடுப்பதுதான் பால்ஸ். அதனால்தான் 12 அடிப்படைக் கேஸ்களில் நான்கு மூச்சு பற்றியவை, நான்கு ஷாக் பற்றியவை. இதயத்துடிப்புக்கு மிஞ்சுவது நான்கே.

கட்டிலை நெருங்கும்போதே மூன்றைப் பாருங்கள்: குழந்தையின் தோற்றம், மூச்சுவிடப் படும் பாடு, தோலின் நிறம். தொடாமல், ஸ்டெத்தை எடுக்காமல், சில வினாடிக்குள். துவண்டு கிடக்கிறதா, அம்மாவைப் பார்க்கிறதா? விலா இழுக்கிறதா, முனகுகிறதா? வெளிறியிருக்கிறதா, நீலமா, திட்டுத்திட்டாகவா? பார்த்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாததை நீங்கள் பார்க்கவில்லை என்றே பயிற்றுநர் எடுத்துக்கொள்வார்.

அடுத்தது ஏ, பி, சி, டி, ஈ. வரிசையை மாற்றாமல் போக வேண்டும்.

ஏ: மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா, தலையைச் சரிசெய்தால் திறக்குமா, டியூப் தேவைப்படுமா?

பி: மூச்சு எண்ணிக்கை, உழைப்பு, மார்பு விரிவு, சத்தங்கள், ஆக்சிஜன் அளவு. உள்ளிழுக்கும்போது வரும் கரகரப்பு மேல்பாதை அடைப்பு. வெளிவிடும்போது வரும் விசில் கீழ்ப்பாதை அடைப்பு. முனகல் என்றால் நுரையீரல் திசுவில் கோளாறு. எந்தப் பாடும் இல்லாமல் ஒழுங்கற்று, மெலிதாக மூச்சுவிட்டால் மூளையின் கட்டுப்பாடு தவறுகிறது. மூச்சுக் கேஸ் நான்கையும் இந்த நான்கு வாக்கியங்கள் பிரித்துவிடும்.

சி: துடிப்பு, நடுநாடியும் கைகால் நாடியும், நகத்தை அழுத்தி விட்டால் 2 வினாடிக்குள் நிறம் திரும்புகிறதா, கைகால் குளிர்ச்சி, பிரஷர். 

டி: விழிப்புநிலை, கண்மணி, ரத்தச் சர்க்கரை. 

ஈ: உடையை விலக்கிப் பார்ப்பது. தடிப்பு, காயம், காய்ச்சல்.

சர்க்கரை பார்க்க மறப்பது வகுப்பறையிலேயே பலமுறை நடக்கும். வலிப்பு, மயக்கம், துவளல் என்று எந்தக் கேஸ் வந்தாலும் டி-யில் சர்க்கரை கேட்டே ஆக வேண்டும்.

ஏ-யிலேயே கோளாறு தெரிந்தால் அங்கேயே சரிசெய்துவிட்டுத்தான் பி-க்குப் போக வேண்டும். ஒன்றைச் செய்ததும் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். ஆக்சிஜன் வைத்தேன், இப்போது அளவு என்ன? திரவம் கொடுத்தேன், நாடி எப்படி இருக்கிறது, கல்லீரல் பெரிதாகிறதா, நுரையீரலில் கறகறப்பு வந்ததா? மதிப்பிடு, கண்டுபிடி, தலையிடு, மீண்டும் மதிப்பிடு. கேஸ் முடியும்வரை இந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

குழந்தையின் பிரஷர் கடைசிவரை ஏமாற்றும். ரத்தக்குழாய்களைச் சுருக்கி, துடிப்பை ஏற்றி, வெகுநேரம் எண்ணைத் தாக்குப்பிடித்துவிட்டு, பிறகு பொத்தென்று விழும். பிரஷர் நன்றாக இருக்கிறது, ஆகவே ஷாக் இல்லை என்று சொன்னால் கேஸ் அங்கேயே கைநழுவியது. கைகால் குளிர்ந்து, நாடி மெலிந்து, துடிப்பு ஏறி, பிரஷர் மட்டும் சரியாக இருந்தால் அது ஈடுகட்டிய ஷாக். டெங்குக் காலத்தில் நம் வார்டுகளில் இதைப் பார்க்காத நர்ஸ் இருக்க மாட்டார். தாழ்ந்த பிரஷருக்கு (மேல் எண்ணில்) எல்லைக்கோடு: ஒரு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 70, 1 முதல் 10 வயது வரை வயதை இரண்டால் பெருக்கி 70-ஐக் கூட்டுங்கள், 10-க்கு மேல் 90. நான்கு வயதுக் குழந்தைக்கு 78-க்குக் கீழே போனால் நிலைமை கைமீறுகிறது.

இதையெல்லாம் மௌனமாகப் படித்தால் பயன் பாதிதான். தினம் ஒரு கேஸை எடுத்து, யாரையாவது எதிரில் உட்கார வைத்து, வாய்விட்டு நடத்துங்கள். அவருக்கு மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. “அடுத்து என்ன?” என்று கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

மூன்றாம் வாரம்: எண்களும் ஆம்ப்யூல்களும்

கணக்குக்கு 10 கிலோக் குழந்தையை மனதில் நிறுத்துங்கள். பத்துக்குத் தெரிந்தால் ஐந்துக்குப் பாதி, இருபதுக்கு இரட்டிப்பு.

அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மி.கி. நம் வார்டில் இருப்பது 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்ப்யூல். வகுப்புப் புத்தகம் பேசுவது அதைவிடப் பத்து மடங்கு நீர்த்த கரைசலை. எனவே 10 மி.லி. சிரிஞ்சில் ஒரு ஆம்ப்யூலை எடுத்து, 9 மி.லி. நார்மல் சலைன் சேர்த்து, லேபிள் ஒட்டுங்கள். இப்போது கிலோவுக்கு 0.1 மி.லி. கணக்கு. பத்துக் கிலோவுக்கு 1 மி.லி., ஆறு கிலோவுக்கு 0.6 மி.லி. நீர்க்காத மருந்தை இதே மி.லி. கணக்கில் போட்டுவிட்டால் பத்து மடங்கு போய்விடும். ஆனால் ஒவ்வாமை அதிர்ச்சிக்குத் தொடைத் தசையில் போடுவது நீர்க்காத மருந்து, கிலோவுக்கு 0.01 மி.லி. கேள்வித்தாளில் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் குழப்புவார்கள்.

இதயம் நின்ற குழந்தைக்கு 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அட்ரினலின். மின்அதிர்ச்சி தேவைப்படாத ரிதம், அதாவது நேர்கோடோ நாடியில்லாத மின் ஓட்டமோ என்றால், முடிந்த அளவு சீக்கிரம், அழுத்தத் தொடங்கிய 5 நிமிடத்துக்குள் முதல் டோஸ் போக வேண்டும்.

வி.எஃப். (இதயக் கீழறைகள் ஒழுங்கின்றி நடுங்குவது) அல்லது நாடியில்லாத வி.டி. (கீழறைகளிலிருந்து வரும் மிகைவேகத் துடிப்பு) என்றால் முதல் மின்அதிர்ச்சி கிலோவுக்கு 2 ஜூல், இரண்டாவது 4, அதற்குப் பிறகு 4-லிருந்து அதிகபட்சம் 10 வரை. பத்துக் கிலோவுக்கு 20, பிறகு 40. கொடுத்ததும் மானிட்டரை வேடிக்கை பார்க்காமல் உடனே அழுத்தத் தொடங்கி, 2 நிமிடம் கழித்துத்தான் ரிதம் பார்க்க வேண்டும். இரண்டாவது மின்அதிர்ச்சிக்குப் பின் அட்ரினலின், மூன்றாவதுக்குப் பின் அமியோடரோன் கிலோவுக்கு 5 மி.கி. 3 மி.லி.யில் 150 மி.கி. உள்ள ஆம்ப்யூல் என்றால் பத்துக் கிலோவுக்குச் சரியாக 1 மி.லி.

வேகத்துடிப்பில் முதல் கேள்வி, இது சைனஸா (இயல்பான துடிப்பே வேகமாக ஓடுவது), எஸ்.வி.டி.யா (இதய மின்பாதைக் கோளாறால் வரும் வேகம்)? கைக்குழந்தைக்கு 220, குழந்தைக்கு 180 என்ற எல்லையைத் தொட்டோ தாண்டியோ, பி அலை இல்லாமல், அழுதாலும் தூங்கினாலும் மாறாத ஒரே வேகத்தில் ஓடினால் எஸ்.வி.டி. பக்கம் சாயுங்கள். காய்ச்சல், நீரிழப்பு, வலி என்று காரணம் கண்ணுக்குத் தெரிந்து, வேகம் ஏறி இறங்கினால் சைனஸ். அதற்கு எஸ்.வி.டி.யை நிறுத்தும் மருந்தான அடினோசினைக் கொடுப்பது பெரும்பிழை, காரணத்தைத்தான் தீர்க்க வேண்டும். அடினோசின் முதல் டோஸ் கிலோவுக்கு 0.1 மி.கி., உச்சம் 6. இரண்டாவது 0.2, உச்சம் 12. பத்துக் கிலோவுக்கு முதல் டோஸ் 1 மி.கி., 1 மி.லி.யில் 3 மி.கி. உள்ள நம் ஆம்ப்யூலில் அது ஏறக்குறைய 0.33 மி.லி.தான். அவ்வளவு சிறிய அளவு த்ரீ-வேயிலேயே (ஊசிக்குழாயின் மூவழி இணைப்பு) தங்கிவிடும். பின்னாலேயே 5 முதல் 10 மி.லி. சலைனைச் சட்டென்று தள்ளாவிட்டால் மருந்து இதயத்தை எட்டுமுன்பே சிதைந்துவிடும். நிலைகுலைந்த குழந்தைக்கு சிங்க் (இதயத்துடிப்போடு ஒத்திசைக்கும் பொத்தான்) அழுத்திய மின்அதிர்ச்சி கிலோவுக்கு 0.5 முதல் 1 ஜூல், பலிக்காவிட்டால் 2. ஒருமுறை கொடுத்ததும் பல இயந்திரங்களில் சிங்க் தானாக அணைந்துவிடும், ஒவ்வொரு முறையும் மறுபடி அழுத்துங்கள்.

மெதுத்துடிப்புக்கு முதல் மருந்து ஆக்சிஜனும் நல்ல மூச்சும்தான். பலிக்காவிட்டால் அட்ரினலின். வேகஸ் நரம்புத் தூண்டலோ ஏ.வி. பிளாக்கோ (இதய மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்சைகை தடைபடுவது) காரணமென்றால் மட்டும் அட்ரோபின் கிலோவுக்கு 0.02 மி.கி., குறைந்தது 0.1, ஒரு டோஸுக்கு உச்சம் 0.5.

திரவம் பற்றி ஒன்று. ஷாக்குக்குக் கிலோவுக்கு 20 மி.லி., 5 முதல் 20 நிமிடத்தில். செப்டிக் ஷாக்கில் (கிருமித்தொற்றால் வருவது) 10 அல்லது 20-ஆகக் கொடுத்து ஒவ்வொரு முறையும் மறுபரிசோதனை. இதயம் பலவீனமென்றால் 5 முதல் 10 மட்டுமே, அதுவும் மெதுவாக. பத்துக் கிலோவுக்கு 200 மி.லி. இது மெல்லிய கேனுலா வழியே சொட்டுச் சொட்டாக 20 நிமிடத்தில் இறங்காது. த்ரீ-வேயும் 50 மி.லி. சிரிஞ்சும் வைத்து நான்கு முறை இழுத்துத் தள்ளுவதுதான் வழி. “போலஸ் கொடுங்கள்” என்று மட்டும் சொல்லும் லீடரிடம் பயிற்றுநர் “எப்படி?” என்று கேட்பார். ஐ.வி. கிடைக்காவிட்டால் ரத்தக்குழாய் தேடிக்கொண்டே நிற்காமல் எலும்பு ஊசி: முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மேட்டிலிருந்து சற்றுக் கீழே, உட்பக்கத்துத் தட்டையான இடம். அந்த எலும்பு முறிந்திருந்தாலோ அதே எலும்பில் ஏற்கெனவே குத்தியிருந்தாலோ மறுகாலுக்குப் போங்கள்.

லீடராக நிற்கும்போது

டீமில் அழுத்துபவர், மூச்சு பார்ப்பவர், டிஃபிப் (மின்அதிர்ச்சிக் கருவி) பார்ப்பவர், மருந்து கொடுப்பவர், நேரம் எழுதுபவர் என்று வேலையை முதலிலேயே பிரித்துச் சொல்லுங்கள். கட்டளையைக் காற்றில் விடாமல் ஆளைப் பார்த்து, அளவையும் வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: “சிஸ்டர், அட்ரினலின் 0.1 மி.கி., 1 மி.லி., ஐ.வி.யில் கொடுங்க.” அவர் அதைத் திருப்பிச் சொல்லி, கொடுத்ததும் “கொடுத்தாச்சு டாக்டர்” என்று சொல்லும்வரை அந்தக் கட்டளை முடியவில்லை. நீங்கள் நர்ஸாக இருந்து லீடர் இடத்தில் நின்றாலும் இதே முறைதான். டாக்டர் மருந்தளவைத் தவறாகச் சொன்னால் “சார், பத்து கிலோவுக்கு 1 மி.லி.தானே வரும்?” என்று கேட்பதும் மதிப்பெண் பெறும் நடத்தை. அழுத்துபவரை 2 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். களைப்பை அவரே உணருமுன் ஆழம் குறைந்துவிடும்.

லீடர் ஆம்ப்யூல் உடைக்கப் போகக் கூடாது, டியூப் போடக் குனியக் கூடாது. கட்டிலின் காலடியில் நின்று முழுவதையும் பாருங்கள். கை பரபரக்கிறவர்களுக்கு இது பெரிய சோதனை. முன்னேற்றம் இல்லையென்றால் காரணங்களை வாய்விட்டு எண்ணுங்கள்: ஆக்சிஜன் குறைவு, ரத்த இழப்பு, அமிலத்தன்மை, சர்க்கரை, பொட்டாசியம், உடல் குளிர்ச்சி, நெஞ்சில் காற்று, இதயத்தைச் சுற்றி நீர், விஷம், ரத்தக்கட்டி. டியூப் போட்ட குழந்தை திடீரென்று சரிந்தால் டியூப் நகர்ந்ததா, அடைத்ததா, நெஞ்சில் காற்றா, இயந்திரக் கோளாறா என்று அந்த வரிசையில்.

வகுப்பன்று

முந்தைய இரவு நைட் டூட்டி பார்த்துவிட்டு வராதீர்கள், முடிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். முழங்கால் போட்டு உட்காரத் தோதான உடை, செகண்ட் முள் உள்ள கைக்கடிகாரம், சுயமதிப்பீட்டுச் சான்றிதழ், புத்தகம். புத்தகத்தில் ரிதம் அல்காரிதங்கள், மருந்துப் பட்டியல், ஷாக் அட்டவணை ஆகிய பக்கங்களுக்கு மட்டும் வண்ணச்சீட்டு ஒட்டுங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒட்டினால் எதுவும் கண்ணில் படாது. எடையைக் கேட்காமல் எந்தக் கேஸையும் தொடங்காதீர்கள். கேஸ் கொடுத்ததும் சட்டென்று நோயின் பெயரைச் சொல்லிவிடும் ஆசையையும் அடக்குங்கள். இருமலும் விசிலும் என்றதும் ஆஸ்துமா என்று பாய்ந்தால், பயிற்றுநர் இரண்டாவது நிமிடத்தில் அதை மூச்சுப்பாதையில் சிக்கிய அந்நியப் பொருள் அடைப்பாக மாற்றிவிடக்கூடும்.

ஒரு கேஸ் தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். எந்த இடத்தில் விட்டீர்கள் என்று சொல்லித் திரும்பப் பழக்கி மறுசோதனை வைப்பார்கள். அப்போது வாதாடாமல், செக்லிஸ்டில் எந்த வரி விடுபட்டது என்று கேட்டு, அந்த வரியை மட்டும் பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகிவிட்டு மறுபடி உள்ளே போங்கள். கார்டு கையில் வந்ததும் அது காலாவதியாகும் மாதத்தை செல்போன் காலண்டரில் ஏற்றி, அதற்கு இரண்டு மாதம் முன்பாக ஒரு நினைவூட்டலும் வைத்துக்கொள்ளுங்கள்.